பத்து கிலோவுக்குக் கீழே

பொன்சிங்கின் உடம்பிலிருந்து எடை போய் இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. அதனால் அவன் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களுக்குப் போகிற சாலையில், ஓர் எடை மேடையில் அவன் வேலை பார்த்தான். லாரி மேடைமேல் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். பொன்சிங் சீட்டு அடித்துக் கொடுப்பான். லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவது உப்பு. இவ்வளவுதான் தொழில்.

எடை இல்லாத ஆள் என்பதால் அவன் மேடைமேல் நின்றபடியே லாரியின் தார்ப்பாயை இழுத்துக் கட்டலாம். எண் மாறாது. முதலாளி அண்ணாச்சிக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

"உன்ன மாதிரி ஆளு கிடைக்கணும்னா குடுத்து வச்சிருக்கணும்ல" என்பார். சம்பளம் மட்டும் அப்படியே இருந்தது. கனமில்லாதவனுக்குச் செலவு என்ன இருக்கப் போகிறது என்பது அவர் எண்ணம்.

ஆடிக் காற்றுதான் தொந்தரவு. அந்த மாதம் முழுக்கச் சட்டைப் பையில் ஒன்று, பேண்ட் பைகளில் இரண்டு என்று மூன்று கல்லுப்புப் பொட்டலங்களை வைத்துக்கொண்டுதான் வெளியே வருவான். ஒரு நாள் மறந்துவிட்டான். அன்று பறந்து, டீக்கடைப் பெயர்ப் பலகையில் போய்ச் சிக்கிக்கொண்டான். டீக்கடைக்காரர் கம்பால் அவனை இறக்கி, டீயும் கொடுத்தார். கம்புக்குத் தனியாக ஒன்றும் கேட்கவில்லை.

கோயிலில்தான் அவனுக்கு வருத்தம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் முழங்கால்படியிடுவார்கள். பொன்சிங்கும் முழங்கால்படியிடுவான். அவன் முழங்கால் மட்டும் தரையைத் தொடாது. நான்கு விரற்கடை மேலே நின்றுகொண்டு ஜெபிப்பான். இப்படி ஜெபித்தால் கேட்கப்படுமா என்று அவனுக்குச் சந்தேகம் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை.

எடை எப்படிப் போனது என்று அவனுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தான்.

சுகந்தி ரேஷன் கடையில் எடை போடுகிறவள். அவன் டன் கணக்கில் நிறுப்பான், அவள் கிராம் கணக்கில் நிறுப்பாள். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அன்பு ஏற்பட்டது. கல்யாணப் பேச்சும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் பொன்சிங், "லாரி வருது" என்று எழுந்து போனான். லாரி வரவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காலை நேரம். நர்ஸ் வெளியே வந்து சொன்னார்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு கிலோ தொள்ளாயிரம்."

பொன்சிங் தன் வழக்கப்படி கணக்குப் பார்த்தான். அவன் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். பத்து கிலோவுக்குக் கீழே எல்லாம் பூஜ்யம். மேடையில் வந்து உட்காரும் காக்கை பூஜ்யம். டிரைவர் விட்டுப்போன செருப்பு பூஜ்யம். அப்படியானால் இரண்டு கிலோ தொள்ளாயிரமும் பூஜ்யம்தான் என்று அவன் முடிவு செய்தான். ஏழு வருடம் ஒரே இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும்.

பதிவு செய்கிற மேசையில் ஒருவர், "தகப்பனார் பேரு?" என்று கேட்டார். பொன்சிங் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். நன்றாகக் காதில் விழுந்தது. எண் விழாததற்குச் சீட்டு அடிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. அவன் வாயைத் திறக்கவில்லை. உள்ளே சுகந்தியும் திறக்கவில்லை. அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை மேடையைச் சோதிக்க அவன் அதன்மேல் ஏறி நின்றான். எப்போதும் அறுபது காட்டும். அன்று பூஜ்யம் காட்டியது.

அன்றிலிருந்து இப்படித்தான்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு காலை, மேடைமேல் யாரும் இல்லாதபோது எண் பத்து காட்டியது.

பொன்சிங் மேடையைப் பெருக்கினான். அடியில் தவழ்ந்துபோய்க் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தான். இயந்திரத்தை அணைத்துப் போட்டான். பத்துதான். ஈரத்துணியால் துடைத்தான். பத்து. ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அப்போதும் பத்து. அது தலையைச் சாய்த்து அவனைப் பார்த்துவிட்டுப் போனது.

பிறகு சீட்டு தானாகவே அடித்து வெளியே வந்தது.

'வண்டி எண்: இல்லை. சரக்கு: பெண் குழந்தை. எடை: பத்து கிலோ. தகப்பன் நிர்ணய அலுவலகத்துக்கு இன்றே வரவும். காலி எடையைக் கொண்டு வரவும்.'

முதலாளி அண்ணாச்சி சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"போயிட்டு வால. தினமும் உப்புக்காரனுக்குப் பத்து கிலோ சும்மா தூக்கிக் குடுக்க முடியாது. இது யாருதுன்னு கேட்டுத் தீத்துட்டு வா."

"சரி அண்ணாச்சி."

"யாருதுன்னு உனக்குத் தெரியுமால?"

"லாரி வருது அண்ணாச்சி" என்றான் பொன்சிங்.

சாலை நெடுக ஒரு லாரியும் இல்லை. அண்ணாச்சி உள்ளே போய்விட்டார்.

தகப்பன் நிர்ணய அலுவலகம் அன்று ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்தது. நேற்று வேறெங்கோ இருந்ததாகச் சைக்கிள் கடைக்காரர் சொன்னார். "நல்ல ஆபீஸுதான் தம்பி, சத்தம் கிடையாது" என்றும் சொன்னார்.

உள்ளே வேலம்மாள் மேடம் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு பிளாஸ்க், ஒரு பெரிய பதிவேடு, ஒரு கண்ணாடிக் குண்டு. தலைக்குமேல் மின்விசிறி வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பொன்சிங் நாற்காலியில் உட்கார்ந்ததும், பையில் உப்பு இருந்தும், மெல்ல மேலெழும்பினான். மேடம் நிமிராமலேயே கண்ணாடிக் குண்டைத் தாள்கள்மேலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்தார். அவன் இறங்கினான். தாள்கள் பறந்தன.

"பேரு?"

"பொன்சிங்."

"எடை?"

"இல்ல மேடம்."

"இல்லன்னு எழுதக் கட்டம் இல்ல. பூஜ்யம்னு சொல்லுங்க."

"பூஜ்யம்."

"பூஜ்யத்துல இருந்து பிள்ளைக்கு என்ன எடுத்துக் குடுப்பீங்க?"

"தெரியல மேடம். சீட்டு வந்துது, வந்தேன்."

"கல்யாணம் ஆச்சா?"

"இல்ல மேடம்."

"அந்தக் கேள்வி மாடியில. மாடி போன மாசம் ரிட்டயர் ஆயிட்டு. இங்க கல்யாணத்தப் பத்திக் கேக்க மாட்டோம். ஆனாலும் ஆகாட்டாலும் பிள்ள பிள்ளதான், எடை எடைதான்."

அவர் பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"சில கேள்வி. பிள்ளையோட பேரு என்ன?"

"எப்சிபா."

"யாரு சொன்னா?"

"ரேஷன் கடையில கூப்பிட்டாங்க. வெளிய நின்னு கேட்டேன்."

"எத்தன நாள் வெளிய நின்னீங்க?"

"மாசத்துக்கு ஒரு நாள். சீனி போடுத அன்னைக்கு. கூட்டம் இருக்கும்."

"பிள்ள எந்தப் பக்கம் சாஞ்சு தூங்குவா?"

"தெரியாது."

"என்ன குடுத்தா துப்புவா?"

"தெரியாது மேடம்."

"எதப் பாத்தா பயப்படுவா?"

பொன்சிங் மடியில் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தான். அதற்குள் ஒரு சின்னப் பூ இருந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது மேடம்."

மேடம் மூன்று கேள்விக்கும் சரி என்று குறி போட்டார்.

"எல்லாம் தப்பால்லா சொன்னேன்?"

"பொய்த் தகப்பன்மாரு எல்லாத்துக்கும் பதில் மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. வெக்கப்படுதவன்தான் தெரியாதுங்கான்" என்று சொல்லிவிட்டு மேடம் கண்ணாடிக் குண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது அரசுச் சொத்து. "வாங்க. பிள்ளையும் அம்மாவும் அந்தப் பக்கம் இருக்காங்க. எடை போடணும்."

கதவுக்கு அப்பால் ஒரு நீளமான கூடம் இருந்தது. சுவர் வெள்ளை. தரை வெள்ளை. அதன் மறு கோடியில் ஒரு பெஞ்சும், பெஞ்சருகே ஒரு புள்ளிபோல ஒரு பெண்ணும் தெரிந்தார்கள்.

"ஆபீஸுக்குள்ள இவ்வளவு பெரிய கூடமா?" என்றான் பொன்சிங்.

"கூடம் இல்ல. பிறப்புச் சான்றிதழ்ல தகப்பன் பேருக்கு விட்ட இடம். விட்டப்போ விரல் நீளம்தான். யாரும் எழுதலன்னா நாளுக்கு ஒரு சாண் வளரும். நடந்து வாங்க."

மேடம் சுவரோரம் நிறுத்தியிருந்த சைக்கிளில் ஏறி, மணி அடித்துவிட்டு முன்னால் போனார்.

பொன்சிங் நடந்தான். பத்து அடி நடந்தால் கூடம் பன்னிரண்டு அடி நீண்டது. வேகமாக நடந்தால் வேகமாக நீண்டது. அவன் நின்று மூச்சு வாங்கினான். அது மட்டும் நீளாமல் அவனுக்காகக் காத்திருந்தது.

பாதி வழியில் ஒரு திறந்த ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு பீரோ.

"தம்பி, நில்லுங்க" என்றது பீரோ. "வக்கீல் ஞானதிரவியம். போன வாரத்துல இருந்து பீரோவா இருக்கேன். கேஸு எடுக்கதுல ஒரு மாத்தமும் இல்ல. கைப்பிடியத் திருகுங்க."

பொன்சிங் திருகினான். உள்ளே மூன்று தட்டுகள். மேல் தட்டில் கறுப்புக் கோட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. நடுத்தட்டில் ஒரு தாளும் பேனாவும்.

"எடையின்மை மனு" என்றார் வக்கீல். "எதிர்மனுதாரருக்கு எடை இல்லை. எடை இல்லாதவன்மேல் பாரம் வைக்க முடியாது. ஆகவே பாரம் இல்லை. நாலே வரி. ஒரு கையெழுத்துப் போட்டா சீட்டு தள்ளுபடி. அப்புறம் ஒரு காலத்துக்கும் யாரும் உங்களக் கூப்பிட மாட்டாங்க."

"அப்புறம் நான் எங்க போறது?"

"ஜன்னல் தொறந்திருக்குல்லா. பையில இருக்க உப்பத் தூரப் போடுங்க. நல்ல காத்து. மணப்பாடு வரைக்கும் ஒரு மூச்சுல போயிரலாம்."

"பிள்ள?"

"பிள்ளைக்கு என்ன? அது எடை உள்ள பிள்ள. கீழ இருந்துக்கும்."

பொன்சிங் பேனாவைக் கையில் எடுத்தான். பாரமில்லாமல் இருப்பதில் சுகம் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு வருடமாக அவன் செருப்பு தேயவில்லை. இடுப்பு வலி இல்லை. எந்தப் படியும் அவனுக்கு உயரம் இல்லை. ஜன்னல் வழியாக வந்த காற்று அவன் சட்டையை ஊதியது. ஒரு கால் ஏற்கெனவே தரையை விட்டிருந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை மறு கோடியைப் பார்த்தான்.

சுகந்தி எழுந்து நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை. வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து இடதிலிருந்து வலதுக்கு மாற்றினாள். அவ்வளவு தூரத்திலும் பொன்சிங்குக்கு ஒன்று தெரிந்தது. எடைக்காரன் கண் அது. அவளுடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது.

ரேஷன் கடையில் தட்டுத் தராசு இருந்த நாளில் அது ஒரு நூல் சாய்ந்தாலும் சுகந்தி பொறுக்க மாட்டாள். நிறுத்தி, தட்டைத் துடைத்து, முள்ளை நேராக்கிவிட்டுத்தான் அடுத்த கார்டை வாங்குவாள். இப்போது அவளே சாய்ந்திருந்தாள். இரண்டு கிலோ தொள்ளாயிரத்திலிருந்து பத்து கிலோ வரைக்கும், ஒவ்வொரு கிராமாக, அந்தத் தோள் கீழே போயிருக்கிறது. அவன் இயந்திரத்தில் அது ஒன்றும் விழவில்லை.

ஆண்டவருடைய தராசு பத்துப் பத்தாக எண்ணாது என்று பொன்சிங்குக்குத் தோன்றியது. அங்கே கிராமும் விழும்.

அவன் பேனாவை மூடி நடுத்தட்டில் வைத்தான்.

"மன்னிச்சிருங்க சார்."

"பரவாயில்ல தம்பி" என்றார் வக்கீல். அவர் குரலில் கோபமே இல்லை. "கதவ நல்லா சாத்திட்டுப் போங்க. கோட்டுக்குப் பூச்சி வருது."

பொன்சிங் கதவைச் சாத்தினான். ஜன்னலையும் சாத்தினான். மறுபடி முன்னால் நடக்கப் போனபோது, கூடத்தின் மறு கோடியில் எப்சிபா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடி வருவது தெரிந்தது. எதற்கு ஓடி வருகிறாள் என்று அவளுக்கே தெரியாது. நீளமான இடத்தைப் பார்த்தால் அவள் ஓடுவாள். அவள் ஓர் அடி வைத்தால் கூடம் பத்து அடி சுருங்கியது. இருபது அடியில் அவனிடம் வந்து, அவன் முழங்காலில் இடித்து நின்றாள். பின்னால் பெஞ்சும் சுகந்தியும் மேடமும் சைக்கிளும் தாமே வந்து சேர்ந்தார்கள்.

"வந்துட்டீராக்கும்" என்றாள் சுகந்தி.

"வந்துட்டேன்."

"ரெண்டு வருஷமா வாரீரு."

"கூடம் கொஞ்சம் நீளம்."

"அது நான் விட்ட இடமா? நீரு விட்ட இடம்."

சுகந்தி தன் பையைத் திறந்தாள். ஒரு பால்புட்டி, ஒரு துண்டு, ஒரு சின்ன கவுன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு பழைய இரண்டு கிலோ படிக்கல்லை எடுத்தாள். ரேஷன் கடையில் புது மின்தராசு வந்தபின் மூலையில் கிடந்த கல். அதை அவன் சட்டைப் பையில் திணித்தாள்.

"இது எதுக்கு?"

"ஆடி மாசம்லா. வழியில பறந்துட்டீருன்னா கேஸ யாரு மேல நடத்த?"

"வீட்டுல இருந்தா சுமந்துட்டு வந்த?"

"பிள்ளையையே சுமக்கேன். கல்லுக்கு என்ன?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படிக்கல் அவள் கைச்சூட்டோடு இருந்தது.

பின்வாசலைத் திறந்தால் முற்றத்தில் எடை மேடை இருந்தது. பொன்சிங்கின் மேடைதான். கண்ணாடி அறையில் அவன் குடித்து வைத்த டீத் தம்ளர்கூட அப்படியே இருந்தது.

"முதல்ல பிள்ள" என்றார் மேடம்.

எப்சிபா ஏறி நின்றாள். எண் அதே பத்தைக் காட்டியது.

"இப்ப நீங்களும் ஏறுங்க. ரெண்டு பேரையும் சேத்து நிறுத்து, பிள்ளையக் கழிச்சா நீங்க. ஒண்ணும் மிஞ்சலன்னா சீட்டு தள்ளுபடி."

பொன்சிங் மேடையருகே போய் நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தான். பேண்ட் பைகளிலிருந்து மற்ற இரண்டையும் எடுத்து வைத்தான். மேடம் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கவனிக்கவில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் மறைத்து வைத்த கனத்தோடு மேடை ஏறுகிற டிரைவர்களை ஒன்பது வருடமாக அவன்தான் இறக்கி விட்டிருக்கிறான்.

கடைசியில் படிக்கல்லையும் எடுத்து சுகந்தி கையில் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

மேடைமேல் ஏறினான். ஏறியதும் காற்று வந்தது. பாதம் பிரிந்தது. ஒரு சாண், இரண்டு சாண் மேலே போனான். எண் பத்திலேயே நின்றது.

எப்சிபா அண்ணாந்து பார்த்தாள். பிறகு கை நீட்டி அவன் பேண்ட் நுனியைப் பிடித்துக்கொண்டாள். பலூன் நூலைப் பிடிப்பதுபோல அலட்டிக்கொள்ளாமல் பிடித்தாள்.

"மாமா, கீழ வா" என்றாள்.

அவளுக்கு எல்லா ஆண்களும் மாமாதான். பால்காரரும் மாமா. பஸ் டிரைவரும் மாமா.

"மாமா இல்லட்டி" என்றாள் சுகந்தி.

"யாரு?"

சுகந்தி பொன்சிங்கைப் பார்த்தாள். மேடமும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி மேசையில் ஒருவர் கேட்ட அதே கேள்விதான். இன்றைக்கும் அவன் காதில் நன்றாக விழுந்தது. தூரத்தில் ஒரு லாரி வருகிற சத்தமும் கேட்டது. இந்தத் தடவை உண்மையாகவே லாரி வந்துகொண்டிருந்தது.

"அப்பா" என்றான் பொன்சிங்.

"சத்தமாச் சொல்லுங்க. பதிவேட்டுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"நான் இவளுக்கு அப்பா."

அவன் பாதம் மேடையைத் தொட்டது. இரும்பு சுட்டது. வெயிலில் கிடந்த இரும்பு இப்படிச் சுடும் என்பதையே அவன் மறந்துபோயிருந்தான். எப்சிபா பேண்டை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"தூக்கு."

அவன் குனிந்து தூக்கினான். பத்து கிலோ எவ்வளவு கனம் என்று அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. முழங்கை இழுத்தது. இடுப்பு விண்ணென்றது. அவள் அவன் கழுத்தில் முகத்தை வைத்து, இடது பக்கமாகச் சாய்ந்து, உடனே தூங்கிப்போனாள். தூங்கியதும் இன்னும் கனத்தாள்.

எண் ஓடியது. இருபது, நாற்பது, அறுபது. எழுபதில் நின்றது.

"பத்து கழிச்சா அறுபது" என்றார் மேடம். "இந்த அறுபது யாருது?"

"என்னோடதுதான் மேடம்."

"டிரைவர் உள்ளயா, வெளியயா?"

அது அவன் ஒவ்வொரு லாரிக்காரனிடமும் கேட்கிற கேள்வி. சீட்டில் அதை எழுதாவிட்டால் எடை செல்லாது.

"உள்ளதான் மேடம். இனிமே உள்ளதான்."

மேடம் எழுதினார். சான்றிதழில் அவன் பெயர் ஏறியதும் கூடம் மளமளவென்று சுருங்கி, பழையபடி விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. வக்கீலை முன்கூட்டியே வெளியே நகர்த்தியிருந்தார்கள். மேடத்தின் சைக்கிளைத்தான் மறந்துபோனார்கள். எப்சிபாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் இன்றும் சின்னதாக ஒரு சைக்கிள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதை ஒன்றும் கேட்பதில்லை.

பிறகு மேடம் உத்தரவை வாசித்தார். "மாதா மாதம் முதல் சனிக்கிழமை, தகப்பனின் உடம்பிலிருந்து இருநூறு கிராம் எடை பிள்ளைக்குச் சேர வேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிகிற வரையில்."

பொன்சிங் மனசுக்குள் கணக்குப் போட்டான்.

"மேடம், கடைசியில எனக்கு இருபத்தஞ்சு கிலோகூட மிஞ்சாதே."

"அதுவரைக்கும் சாப்பிடாமயா இருப்பீங்க?" என்றார் மேடம். பிளாஸ்கைத் திறந்து, கண்ணை மூடி ஒரு நொடி ஜெபித்துவிட்டு, மூடியில் டீ ஊற்றி முதலில் அவனிடம் நீட்டினார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் பொன்சிங் முழங்கால்படியிட்டான். முழங்கால் தரையைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் நன்றாக வலித்தது. எல்லோரும் எழுந்த பிறகும் அவன் எழாமல் இருந்தான்.

முதல் சனிக்கிழமை ரேஷன் கடைக்குப் போனான். வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் சுகந்தி தராசுத் தட்டைத் துடைத்தாள்.

"எங்கன இருந்து எடுக்க?"

"உன் இஷ்டம்."

"வயித்துல இருந்து எடுக்கேன். அங்கதான் கிடக்கு."

சரியாக இருநூறு கிராம் எடுத்தாள். இருநூற்று ஐந்து வந்தது. ஐந்தைத் திருப்பிக் கொடுத்தாள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த எப்சிபாவின் கவுன் தோள்பட்டையில் லேசாக இறுகியது.

வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் குரல் கொடுத்தாள். "ஏ சுகந்தி, அந்த ஆளுக்குப் பில்லு போடாம மூஞ்சியவே பாத்துட்டு நிக்கியே. நாங்க பாமாயில் வாங்க வேண்டாமா?"

"பில்லு போட்டாச்சு பெரியம்மா. பிள்ளைக்குப் பதினெட்டு வயசு வரைக்கும் சேத்துப் போட்டாச்சு."

கடை சாத்துகிற வரைக்கும் பொன்சிங் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். வெண்டைக்காய் கொடுத்தால் துப்புவாள் என்று தெரிந்துகொண்டான். மிக்சி சத்தத்துக்குப் பயப்படுவாள் என்றும் தெரிந்துகொண்டான். சுகந்தி கதவை இழுத்துப் பூட்டித் திரும்பியபோது பார்த்தான். அவள் வலது தோள் அரை விரல் மேலே ஏறியிருந்தது.

"நாளைக்கு வாரீரா?" என்றாள், பூட்டை இழுத்துப் பார்த்தபடி.

"நாளைக்குப் பிடித்தம் கிடையாதே?"

"பிடித்தத்துக்கா கூப்பிட்டேன்? தூக்கத்தான்."

"வாரேன்."

"லாரி வருதுன்னு சொன்னீருன்னா அந்தப் படிக்கல்லு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. மண்டையில போடுவேன்."

எடை மேடையில் அந்தப் பத்து மட்டும் போகவே இல்லை. யாரும் இல்லாதபோதும் எண் பத்திலேயே நின்றது. யாருது என்று பொன்சிங் சொன்ன பிறகு முதலாளி அண்ணாச்சியும் அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். பொன்சிங் ஒவ்வொரு லாரிக்கும் பத்தைக் கையால் கழித்து, சீட்டின் ஓரத்தில் குறித்துக் கொடுத்தான்.

ஒரு மத்தியானம், கோவில்பட்டிப் பக்கத்து டிரைவர் ஒருவர் சீட்டை ஜன்னலில் நீட்டினார்.

"அண்ணே, இதுல பத்து கிலோ கழிச்சிருக்கு. என்னது இது?"

"எம் மக."

டிரைவர் காலி மேடையைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். லாரிக்குப் போய், முன் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்து, மேடையின் நடுவில் பத்திரமாக வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

எண் மாறவில்லை. பத்திலேயே இருந்தது.

பொன்சிங் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்துக் கையால் எழுதினான். 'கடலை மிட்டாய். ஒரு பொட்டலம். நூறு கிராம்.' கீழே கையெழுத்துப் போட்டு, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொட்டலத்தை எடுக்க மேடைமேல் ஏறினான்.

எண் எழுபதுக்குப் போயிற்று.